சாத்தன் பூதியின் கற்றளி: சான்று காட்டி எழுதுதல் பற்றி

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி செல்லும் சாலையை ஒட்டியது நார்த்தாமலை. அங்கே மேலமலையில் மேற்கு நோக்கி நிற்கும் கற்றளியை எடுத்தவர் யார் என்று கேட்டால், பலரும் விஜயாலய சோழர் என்றே விடையளிப்பர். கோயில் இன்று விஜயாலய சோழீசுவரம் என்று வழங்குவதால் பெயரே சான்றாகிவிட்டது.

வாயிற்காவலர் சிற்பத்தின் அடியிலுள்ள கல்வெட்டோ வேறு செய்தி தருகிறது. சாத்தன் பூதியான இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி மழையால் இடிந்தது. மல்லன் விடுமனான தென்னவன் தமிழதியரையர் அதைப் புதுப்பித்தார். அதில் மன்னர் பெயரில்லை, ஆட்சியாண்டும் இல்லை. ஆகவே, சதுரச் சுவருக்குள் வட்டக் கருவறை, சுற்றிலும் சிறு கோயில்கள் என்னும் கட்டட அமைதியைக் கொண்டே அறிஞர்கள் காலம் கணிக்கின்றனர். முற்சோழர் பணி என்பாரும் உளர். முத்தரையர் பணி என்பாரும் உளர்.

இக்கோயிலைப் பற்றி விக்கிப்பீடியா போன்ற இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதப் புகுவோர் என்ன செய்ய வேண்டும்? கல்வெட்டு கூறுவதைக் கல்வெட்டின் பெயராலும், அறிஞர் கருத்தை அவர்தம் பெயராலும் நூலின் பெயராலும் தனித்தனியே தரவேண்டும். புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929-இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதி இருக்க, சுற்றுலாக் கையேட்டை மேற்கோளாக்குவது முறையன்று. சான்றில்லாமல் ஒருவர் எழுதிய வரியை நாளிதழ் எடுத்தாள்வதும், பின்னர் அந்நாளிதழே அவ்வரிக்குச் சான்றாவதும் உண்டு. இப்படி ஒரு சுற்று முடிவதற்குள் சாத்தன் பூதி மறைந்துபோவார்.

புதிய கல்வெட்டொன்றை நாமே கண்டறிந்தாலும் அதனை நேரே கலைக்களஞ்சியத்தில் ஏற்றலாகாது. 'ஆவணம்' போன்ற ஆய்விதழில் முதலில் வெளியாகிப் பிறர் ஆய்ந்து பார்க்க இடம் தரவேண்டும். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இதனை மெய்யறிதன்மை என்கிறது. தம்மைப் பற்றியும் தம் நூலைப் பற்றியும் தாமே எழுதுவதை நலமுரண் என்கிறது. நம் கட்டுரை ஓர் இடத்திற்குப் பொருந்தும் என்று தோன்றினால் உரையாடல் பக்கத்தில் தெரிவித்துவிட்டு ஒதுங்குவதே நன்று. சேர்ப்பதா வேண்டாவா என்பதைப் பிறர் முடிவு செய்யட்டும். உழைத்தவர் பெயர் அதனால் அழிந்துவிடாது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைப் பக்க வரலாறு காத்து வைத்திருக்கிறது.

இந்த ஒழுங்கு நமக்குப் புதியதன்று. சோழீசுவரத்தின் எதிரேயுள்ள பழியிலீசுவரக் குடைவரையைப் பாருங்கள். நிருபதுங்கவர்மரின் ஏழாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, குடைவித்தவர் சாத்தன் பழியிலி என்றும் முகமண்டபம் எடுத்தவர் அவர் மகள் பழியிலி சிறியநங்கை என்றும் பிரித்தே கூறுகிறது. தந்தையின் பணியை மகள் தனதாக்கவில்லை. மகளின் பணி தந்தை பெயரில் கரையவும் இல்லை.

மல்லன் விடுமனும் நினைத்திருந்தால் தம் பெயரை மட்டும் பொறித்திருக்கலாம், மறுக்க யாரிருந்தார்? அவ்வாறு செய்திருந்தால் முதலில் கட்டியவர் யாரென்று அறிய இன்று நமக்கு வழியே இருந்திராது. தாம் செய்தது புதுக்கியது மட்டுமே என்று அவர் வெட்டி வைத்த அந்தச் சிறு கல்வெட்டுத்தான் சாத்தன் பூதிக்கு எஞ்சியிருக்கும் சான்று.