மண்ணிற் கிடக்கும் காசும் மறைந்துபோகும் வரலாறும்

புதையல் என்ற சொல்லுக்குச் செவி சாய்க்காதவர் உலகில் அரியர். பாழ்பட்ட கோட்டையிலும் பழைய கிணற்றடியிலும் பொற்குடம் புதைந்திருப்பதாகக் கூறும் கதைகள் ஊர்தோறும் உண்டு. முன்னாளில் மையும் மாந்திரிகமும் கொண்டு தேடினர். இந்நாளில் உலோகங்காட்டும் கருவியைக் கையிற் கொண்டு தேடுகின்றனர். கருவி மாறியது, ஆசை மாறவில்லை. குடுபல்லியைச் சூழ்ந்த இப்பகுதியில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். ஏனெனில், இம்மண்ணிற் கிடக்கும் பழங்காசுகள் வெறும் உலோகத் துண்டுகள் அல்ல. கல்வெட்டிலும் ஏட்டிலும் இடம் பெறாத எளிய மக்களின் வாழ்வுக்கு அவையே சான்றுகள்.

அரசுகள் மாறிய எல்லை

குடுபல்லி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம். அருகிலுள்ள குப்பமும் அதனைச் சார்ந்த ஊர்களும் பண்டு கங்குந்திப் பாளையத்தைச் சேர்ந்திருந்தன. வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த அப்பாளையம், பின்னர்ச் சித்தூர் மாவட்டத்துடன் சேர்ந்தது. மேற்கே மைசூர் நாடு. கிழக்கே ஆர்க்காட்டு நவாபின் நாடு. 1780-இல் ஐதர் அலி ஆர்க்காட்டு நாட்டின்மீது படையெடுத்தார். 1782 டிசம்பரில் சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் உயிர் நீத்தார். 1801-இல் ஆர்க்காட்டு ஆட்சி ஆங்கிலக் கும்பினியாரின் கைக்குச் சென்றது. 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார்த் தங்கவயலில் காலூன்றிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் திரள்திரளாகச் சுரங்க வேலைக்கு வந்தனர்.

படைகள் வந்துபோன அக்காலத்தில் எளியவனுக்கு வங்கி ஏது? மண்ணே அவனுடைய பெட்டகம். கலயத்திற் காசை இட்டு, அடுப்படியிலோ மரத்தடியிலோ புதைத்துவிட்டு ஊரைவிட்டு ஓடினான். அவன் திரும்பி வந்திருந்தால் அக்காசு நமக்குக் கிடைத்திராது. ஆகவே, புதையல் ஒவ்வொன்றின் பின்னும் திரும்பி வர இயலாத ஒருவனுடைய கதை இருக்கலாம் என்பதை மறத்தல் ஆகாது.

காசு, பணம், வராகன்

கும்பினியார் சென்னையில் வழங்கிய முறைப்படி 80 காசு ஒரு பணம்; 42 பணம் ஒரு வராகன். நம் 'காசு' ஆங்கிலேயர் நாவில் 'கேஷ்' ஆயிற்று. நம் 'பணம்' 'ஃபனம்' ஆயிற்று. 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் வெளியிட்ட நட்சத்திர வராகன் என்னும் பொற்காசு ஏறத்தாழ 3.4 கிராம் எடையுடையது. அதன் ஒருபுறம் திருமாலின் உருவமும் மறுபுறம் விண்மீனும் விளங்கின. கடல் கடந்து வந்த வணிகர் திருமாலைப் பொறித்தது பக்தியினால் அன்று. பழகிய காசையே மக்கள் நம்பி வாங்குவர் என்ற வாணிக அறிவினால்.

1818-இல் வராகனுக்கு மாறாக ரூபாய் நிலைபெற்றது. 100 வராகனுக்கு 350 ரூபாய் எனக் கணக்கிட்டனர். 1835-இல் கும்பினி ஆட்சி முழுவதற்கும் பொதுவான ரூபாய் வந்தது. அதில் திருமாலும் இல்லை, விண்மீனும் இல்லை. நான்காம் வில்லியம் மன்னரின் தலை இருந்தது. வணிகராய் வந்தோர் ஆள்வோராய் அமர்ந்த கதையை இவ்விரு காசுகளும் அருகருகே வைத்த மாத்திரத்தில் உரைத்துவிடும்.

செப்புக் காசுகளின் கதை இன்னும் வியப்புடையது. சென்னை மாகாணத்திற்கென 10 காசு, 20 காசு நாணயங்கள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துச் சோகோ ஆலையில் நீராவிப் பொறியால் அடிக்கப்பட்டன. 1808 என ஆண்டு பொறித்த அக்காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல், 1809 ஜனவரியில் அந்நாட்டுக் கரையை அடுத்த குட்வின் மணற்றிட்டிலேயே உடைந்து மூழ்கியது. 1980-களில் நீர்மூழ்குவோர் அவற்றைப் பெருந்தொகையாக வெளிக்கொணர்ந்தனர். சென்னைக் கடைத்தெருவில் உப்புக்கும் புளிக்கும் கைமாற வேண்டிய காசுகள், ஒரு கையும் படாமல் அயல்நாட்டுக் கடலடியில் 170 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தன! அவை கப்பலோடு சேர்ந்து கிடைத்தமையால் இவ்வளவும் அறிந்தோம். தனித்தனியே சந்தையில் கண்டிருந்தால், அவை புழங்காத காரணம் விளங்கியிராது.

கருவி சொல்லாதது

உலோகங்காட்டும் கருவியின் செயல் எளியது. அதன் கம்பிச் சுருளில் மாறு மின்னோட்டம் பாயும்; அது எழுப்பும் காந்தப்புலம் மண்ணிலுள்ள உலோகத்தைத் தீண்டினால் கருவி ஒலிக்கும். 1881-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட, அறிஞர் கிரகாம் பெல் இத்தகைய கருவியைப் பயன்படுத்தினார், குண்டு அகப்படவில்லை. பின்னர்ப் போர்க்களத்திற் கண்ணிவெடிகளைக் கண்டறிய இது பெரிதும் உதவிற்று.

ஆயினும், காசு எந்தக் கலயத்தில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பதைக் கருவி கூறாது. ஒரு புதையலில் உள்ள மிகப் பிந்திய காசே அது புதைக்கப்பட்ட காலத்துக்கு வழிகாட்டும். அதை ஒருவர் எடுத்து விற்றுவிட்டால் எஞ்சியவை ஊமையாகும்.

ஆசையினால் விளையும் அழிவும் சிறிதன்று. புதையல் வேட்டைக்காரர் கோட்டை மதிலையும் கோயிற் பீடத்தையும் பெயர்த்த செய்திகளை நாளிதழ்களில் கண்டு வருந்துகிறோம். 2017 டிசம்பரில் கர்நூல் மாவட்டம் சென்னம்பள்ளிக் கோட்டையில் அரசினரே புதையல் தேடித் தோண்டுவித்தனர், பொற்குவியல் கிடைக்கவில்லை.

நேர்மையான வழி

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையற் சட்டம், 10 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும் என்கிறது. உரியவர் எவருமிலர் எனத் தெளிந்தபின், நில உரிமையாளருக்கு நாலில் ஒரு பங்கும் கண்டவருக்கு மூன்று பங்கும் அச்சட்டம் வகுத்தது. அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோக மதிப்பின்மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரும். மறைத்தவருக்குப் பங்கும் போகும். ஓராண்டு வரை சிறையும் உண்டு. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் நிலத்தைச் சீர்செய்தபோது 505 பொற்காசுகள் வெளிப்பட்டன. எடை 1.716 கிலோ. அவை அதிகாரிகளிடம் முறையாக ஒப்படைக்கப்பட்டன. இத்தகைய வழியில் வந்த காசுகள் பல, 1851-இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகத்தை வளப்படுத்தியுள்ளன. அங்குக் கண்காணிப்பாளராயிருந்த எட்கார் தர்ஸ்டன், கும்பினி நாணய வரலாற்றை 1890-இலேயே நூலாக வெளியிட்டார்.

நாம் செய்யத்தக்கது யாது? மண்ணைத் தோண்டுமுன் நம் வீட்டுப் பெட்டியைத் திறப்போம். பாட்டியின் சுருக்குப்பையிலும் காசுமாலையிலும் இருக்கும் பழங்காசுகளைப் புளியிட்டுத் தேய்க்காமலும் உருக்காமலும் வைத்து, எவருடையவை, எந்த ஊரிலிருந்து வந்தவை என்று ஒரு தாளில் எழுதுவோம். கொல்லையிலோ கடைக்காலிலோ காசு தென்பட்டால், கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அதிகாரிகளுக்கு அறிவிப்போம். பிழைப்பைத் தேடி வந்த நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற ஏடுகள் சில. அவற்றுள் காசும் ஒன்று. அதனைப் படிக்குமுன் விற்றுவிடாதிருப்போமாக!