பூனைக்காலி விதையும் டோப்பமினும்

ராசிபுரத்தை அடுத்த கொல்லிமலைப் பகுதிப் புதர்களில் படரும் பூனைக்காலி, தொட்டவரைச் சொறிய வைக்கும் சுணையுள்ள கொடி. பாலில் அவித்துத் தோல் நீக்கிய அதன் விதையை நாட்டு மருத்துவர்கள் தாதுபுஷ்டி லேகியங்களில் சேர்த்துவந்தனர். 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசுவாமியும் அவ்விதையிலிருந்து எல்-டோப்பா என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். 1913இல் குக்கன்ஹைம் என்னும் ஆய்வாளர் ஐரோப்பிய மொச்சை வகையொன்றில் கண்டதும் இதே பொருள்தான்.

உடலிலுள்ள நொதி ஒன்று எல்-டோப்பாவை டோப்பமினாக மாற்றுவதை 1938இல் ஜெர்மானியரான பீட்டர் ஹோல்ட்ஸ் காட்டினார். ஆனால் நோர் அட்ரினலின் உருவாகும் வழியில் வரும் இடைப்பொருளாகவே டோப்பமின் நெடுநாள் கருதப்பட்டது. 1952இல் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரிக்கப்பட்ட ரெசர்பின் என்னும் மருந்து அந்த எண்ணத்தை மாற்ற உதவியது. 1957இல் சுவீடனின் ஆர்வித் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்து அசைவற்றுப்போன முயல்களுக்கு எல்-டோப்பா செலுத்த, அவை மீண்டும் நடமாடின. டோப்பமின் தனித்ததொரு நரம்புக் கடத்தி என்பது இதன் வழியே நிலைபெற்றது. கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறின் ஆய்வும் டோப்பமினை நோக்கியே நகர்ந்தது. 1937இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி, பென்சிட்ரின் என்னும் ஊக்க மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகள் பலர் அமைதியாகப் படிப்பில் ஈடுபட்டதைப் பதிவுசெய்தார். இவ்வகை மருந்துகள் நரம்பு இணைப்புகளில் டோப்பமினையும் நோர் அட்ரினலினையும் கூட்டுகின்றன என்பது பின்னர் தெரிந்தது. பார்க்கின்சன் நோய்க்கு டோப்பமினைப் போலச் செயல்படும் மருந்துகளை உட்கொள்வோர் சிலருக்குச் சூதாட்ட வெறியும் அடங்காத செலவும் தோன்றியதால், உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளிலும் டோப்பமினின் பங்கு ஆராயப்படுகிறது. எனினும் மரபணுக்களும் பிற கடத்திகளும் சேர்ந்தே இக்கோளாறுகளைத் தீர்மானிக்கின்றன.