தெருவைப் பாடமாக்கிய பள்ளி



கல்வியாண்டின் முடிவில் பள்ளிகளில் குழுப்படம் எடுப்பது நெடுநாள் வழக்கம். நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் அவ்வழக்கம் ஓர் ஆண்டும் தவறியதில்லை. படம் அச்சாகி வந்ததும் மாணவர்கள் அதைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒவ்வொருவனும் முதலில் தன் முகத்தைத் தேடுவான். பிறகு தன் நண்பனின் முகத்தைத் தேடுவான். கடைசி வரிசையின் ஓரத்தில், முன்னால் நிற்பவனின் தோளுக்குப் பின்னே முகம் பாதி மறைந்து நிற்கும் பிள்ளையைத் தேடுவார் எவருமிலர். அத்தகைய பிள்ளையைத் தேடிச் சென்று பார்க்கக் கற்பித்த ஒரு புகைப்படப் பள்ளியின் வரலாற்றை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அப்பள்ளி அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1936 முதல் 1951 வரை இயங்கியது. அதன் பெயர் 'போட்டோ லீக்'. தமிழில் புகைப்படக் கழகம் எனலாம். அது பள்ளியாக மட்டும் இருக்கவில்லை. கண்காட்சிக் கூடமாகவும், படம் கழுவும் பொது இருட்டறையாகவும், இதழ் நடத்திய மன்றமாகவும், நண்பர்கள் கூடும் இல்லமாகவும் விளங்கியது. ஓர் அரசாங்கப் பட்டியலில் அதன் பெயர் ஏறியமையால் அது அழிந்தது. எவ்வாறு தோன்றியது, எதைச் சாதித்தது, ஏன் மறைந்தது என்பவற்றை முறையே காண்போம்.

1929ஆம் ஆண்டில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. தொடர்ந்து வந்த பெருமந்தத்தில் 1933 அளவில் அந்நாட்டுத் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையின்றி இருந்தார். அக்கொடுமையை மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று விரும்பிய இளைஞர் சிலர் 1930இல் திரைப்படமும் புகைப்படமும் எடுக்கும் தொழிலாளர் சங்கம் ஒன்றை நியூயார்க்கில் அமைத்தனர். 1936இல் திரைப்படக்காரர்கள் தனியே பிரிந்தனர். எஞ்சிய புகைப்படக்காரர்கள் உருவாக்கியதே போட்டோ லீக். அதை முன்னின்று அமைத்த இருவர் சிட் கிராஸ்மன், சால் லிப்சன் என்போர். கிராஸ்மனுக்கு அப்போது வயது இருபத்துமூன்றைத் தாண்டவில்லை.

உறுப்பினரிற் பெரும்பாலோர் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அக்காலத்தில் புகைப்படம் எடுப்பது செலவு மிக்க கலை. படம் எடுத்தால் மட்டும் போதாது. பிலிமைக் கழுவ இருட்டறை வேண்டும், படத்தைப் பெரிதாக்கும் கருவி வேண்டும், இரசாயனப் பொருள்கள் வேண்டும். சிறு குடியிருப்புகளில் பலரோடு நெருங்கி வாழ்ந்த இளைஞர்களுக்கு இவை எவ்வாறு கிட்டும்? இங்கேதான் கழகத்தின் முதற்பயன் விளங்கியது. தனியொருவரால் வாங்க இயலாததைப் பலர் சேர்ந்து வாங்கினர். சிறு கட்டணம் செலுத்திய எவரும் அங்குள்ள இருட்டறையைப் பயன்படுத்தலாம். சென்ற நூற்றாண்டில் நம் ஊர்களில் நூலகங்கள் ஏழை மாணவனுக்கு எதைச் செய்தனவோ, அதை அவ்விருட்டறை அவ்விளைஞர்களுக்குச் செய்தது.

இனி அங்கு நடந்த கல்வியைப் பார்ப்போம். அக்காலத்தில் புகைப்படம் கற்பித்த நிலையங்களில் பல, கடை வைத்துப் பிழைப்பதற்குரிய தொழிலையே கற்பித்தன. கழகத்தின் பள்ளியோ வேறு நோக்கம் கொண்டது. கருவியின் நுட்பங்களைத் தொடக்க வகுப்பிலேயே கற்பித்துவிட்டு, மாணவனைத் தெருவுக்கு அனுப்பிவிடுவர். அவன் தான் வாழும் பகுதியையே படமெடுத்து வர வேண்டும். கொண்டுவந்த படத்தைச் சுவரில் மாட்டி, ஆசிரியரும் உடன் பயிலும் மாணவரும் வாதிடுவர். கிராஸ்மன் கடுமையான ஆசிரியர். அழகாக இருக்கிறது என்பது அவரிடம் போதிய விடையாகாது. இப்படத்தில் உள்ள மனிதரைப் பற்றி உனக்கு என்ன தெரியும், ஏன் இவ்விடத்தில் நின்று எடுத்தாய் என்று குடைந்து கேட்பார். வகுப்புகள் பெரும்பாலும் மாலையில், பகலில் வேலை பார்ப்போர்க்கு ஏற்ற வேளையில் நடந்தன. பதினைந்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்குப் பயின்றனர்.

அப்பயிற்சியின் பயனுக்கு ஒரு சான்று கூறுவேன். வால்டர் ரோசன்பிளம் என்னும் இளைஞர் நியூயார்க்கின் ஏழைப் பகுதியில் வளர்ந்தவர். கிராஸ்மனிடம் பயின்ற அவர், 1938இல் தம் பகுதியைச் சேர்ந்த பிட் தெருவைப் படமாக்கத் தொடங்கினார். கடைக்காரர்களும், குழந்தைகளும், பாலத்தின் அடியில் விளையாடும் சிறுமியரும் அவர் படங்களில் மதிப்போடு நின்றனர். இரண்டாம் உலகப் போரில் அவர் இராணுவப் புகைப்படக்காரராகி, 1944இல் நார்மண்டிக் கரையிறக்கத்தைப் படமெடுத்தார். போருக்குப் பின் புரூக்ளின் கல்லூரியில் நாற்பதாண்டுக் காலம் புகைப்படக்கலை கற்பித்தார்.

இங்கு ஆசிரியப் பரம்பரை ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நியூயார்க்கின் எத்திகல் கல்ச்சர் பள்ளியில் லூயிஸ் ஹைன் என்னும் ஆசிரியர் இருந்தார். கற்பித்தலுக்குத் துணையாகவே அவர் காமிராவைக் கையில் எடுத்தார். பின்னர் ஆசிரியப் பணியை விட்டு, ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த குழந்தைகளை நாடெங்கும் சென்று படமெடுத்தார். அமெரிக்காவில் குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் எழுவதற்கு அப்படங்கள் பெருந்துணை புரிந்தன. ஹைன் பள்ளியில் இருந்தபோது அவரிடம் காமிரா பயின்ற சிறுவன் பால் ஸ்டிராண்ட். அச்சிறுவனே வளர்ந்து உலகப் புகழ் பெற்று, போட்டோ லீக்கில் இளைஞர்களுக்கு விரிவுரை நிகழ்த்தினார். வறுமையில் வாடிய முதிய ஹைனும் கழகத்துக்கு வந்து தம் படங்களைக் காட்டினார். 1940இல் ஹைன் இறந்தபின் அவருடைய படங்களையும் நெகடிவ்களையும் அவர் மகன் கழகத்திடம் ஒப்படைத்தார். பெரிய நிறுவனங்கள் மறந்துவிட்ட ஆசிரியரின் வாழ்நாள் உழைப்பை, வாடகைக் கட்டடத்தில் இருந்த இளைஞர் கூட்டம் காத்தது. இன்று அவை ராச்செஸ்டர் நகரின் ஈஸ்ட்மன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

கழகத்தில் தனியே படமெடுப்பதோடு, குழுவாகச் சேர்ந்து ஆராயும் முறையும் இருந்தது. அக்குழுக்களுள் புகழ் பெற்றதை நடத்தியவர் ஆரன் சிஸ்கிண்ட். அவர் பகலில் நகரப் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியர். கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியை அவர் குழு மூன்றாண்டுகளுக்கு மேல் படமாக்கியது. அதற்கு 'ஹார்லெம் ஆவணம்' என்று பெயர். மைக்கேல் கார்ட்டர் என்னும் கறுப்பின எழுத்தாளர் அதற்குத் துணை நின்றார். வீடு, தொழில், வழிபாடு, கேளிக்கை என்று பகுத்துக்கொண்டு, எந்தப் படங்கள் வேண்டும் என்று முன்னரே கலந்து பேசிச் சென்று எடுத்தனர்.

அவ்வாவணத்தில் குறையும் உண்டு. படமெடுத்தவர்கள் வெளியிலிருந்து ஹார்லெமுக்குச் சென்றவர்கள். அப்பகுதியின் இல்லாமையைக் கண்ட அளவுக்கு அதன் கல்வியையும் கலையையும் அவர்கள் காணவில்லை என்று பின்வந்தோர் கூறினர். அக்கூற்றில் உண்மை இருக்கிறது. பிறர் வாழ்வைப் படம் பிடிப்பவன் எதை விட்டுவிட்டோம் என்றும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மாணவர்களே, வரலாறு எழுதுவோருக்கும் இது பொருந்தும்.

அடுத்து, கண்காட்சிகள். கழகத்தின் சுவர் அனைவருக்கும் திறந்த சுவராக இருந்தது. பயிலும் மாணவர் படமும் அங்குத் தொங்கும். பெயர் பெற்றோர் படமும் தொங்கும். கொலை, தீ விபத்து என்று இரவெல்லாம் அலைந்து செய்தித்தாள்களுக்குப் படமெடுத்த வீஜி என்பவரைக் கலைஞர் என்று அன்று எவரும் எண்ணவில்லை. அவருடைய படங்களுக்கு 1941இல் கண்காட்சி அமைத்தது இக்கழகமே. 1938 முதல் 'போட்டோ நோட்ஸ்' என்னும் எளிய இதழையும் வெளியிட்டது. கண்காட்சி விமரிசனமும், விரிவுரைகளும், கருத்துப் போர்களும் அதில் இடம்பெற்றன.

கூடி மகிழ்வதிலும் அவர்கள் குறை வைக்கவில்லை. 'பட வேட்டை' என்று ஒரு விளையாட்டு நடத்துவர். வேடிக்கையான பொருள்களைக் குறித்துக் கொடுத்து, குறித்த நேரத்துக்குள் படமெடுத்து வரச் சொல்வர். மாறுவேட நடன விழாக்கள் நடத்திக் கழகத்துக்குப் பொருள் திரட்டுவர். பெண்களுக்கு இடம் அரிதாயிருந்த அக்காலத்தில் இக்கழகத்தில் பெண்கள் பலர் பயின்றனர், கற்பித்தனர், பொறுப்புகளை ஏற்றனர். லூசி அஷ்ஜியன், ரெபெக்கா லெப்காஃப், சோனியா ஹாண்டல்மன் மேயர் ஆகியோர் அவர்களுட் சிலர்.

இவ்வாறு வளர்ந்த கழகத்துக்கு 1947ஆம் ஆண்டு டிசம்பரில் இடி விழுந்தது. சோவியத் நாட்டோடு பகைமை முற்றிய காலம் அது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் குடியரசுத் தலைவர் ட்ரூமன், அரசு ஊழியரின் விசுவாசத்தை ஆராயும் ஆணை ஒன்றைப் பிறப்பித்திருந்தார். அதன்படி நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரி டாம் கிளார்க், நாட்டுக்குக் கேடானவை என்று கருதிய அமைப்புகளின் பட்டியலை வெளியிட்டார். அதில் போட்டோ லீக்கின் பெயரும் இருந்தது. முன்னறிவிப்பு இல்லை, விசாரணை இல்லை, குற்றம் இன்னதென்ற விளக்கமும் இல்லை.

நடுநிலையோடு நோக்குவோம். கழகத்தில் இடதுசாரிகள் பலர் இருந்தனர். பொதுவுடைமைக் கட்சியினரும் இருந்தனர். ஆனால் கட்சி சாராதவரும், காமிரா பயில்வதற்காக மட்டுமே வந்தவரும் மிகப் பலர். அவர்கள் செய்த செயல் படமெடுத்ததேயன்றி வேறில்லை. உறுப்பினர்கள் அஞ்சி ஓடவில்லை. கூட்டம் கூட்டினர், கண்டனம் எழுப்பினர். பால் ஸ்டிராண்ட் எழுந்து பேசினார். இயற்கைக் காட்சிகளுக்குப் பெயர் பெற்ற அன்செல் ஆடம்ஸ் போன்றோரும் தொடக்கத்தில் கழகத்தின் பக்கம் நின்றனர். புகழ் பெற்ற இதழ்ப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் தலைமைப் பொறுப்பை ஏற்றார். புதிய உறுப்பினர்களும் சேர்ந்தனர். 1948இன் இறுதியில் 'இதுவே போட்டோ லீக்' என்ற பெயரில் பெரிய கண்காட்சி ஒன்றைத் திறந்தனர். எங்கள் செயலைக் கண்ணால் கண்டு தீர்ப்புக் கூறுங்கள் என்பதே அவர்கள் அளித்த விடை.

ஆயினும் அடுத்த அடி உள்ளிருந்தே விழுந்தது. 1949இல் பொதுவுடைமைக் கட்சித் தலைவர்கள் மீது நடந்த வழக்கில், கழக உறுப்பினராகவே பழகி வந்த ஒரு பெண் சாட்சிக் கூண்டில் ஏறினார். தாம் பல ஆண்டுகளாக அரசின் உளவாளி என்றும், தம்மைக் கட்சியில் சேர்த்தவர் கிராஸ்மன் என்றும் கூறினார். அதன்பின் அச்சம் பரவியது. கழகத்தின் பெயரைச் சொன்னால் வேலை போகும், வெளிநாட்டுப் பயணச் சீட்டுக் கிடைக்காது என்ற நிலை வந்தது. பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்தனர். இதழ்களை நம்பிப் பிழைத்தோர் விலகினர். 1951இல் கழகம் கலைக்கப்பட்டது.

அதே 1951ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம், அப்பட்டியலில் சேர்க்கப்பட்ட வேறு சில அமைப்புகள் தொடுத்த வழக்கில், விசாரணையின்றிப் பெயர் சேர்த்த முறையைக் குறை கண்டது. பட்டியல் முற்றிலும் நீக்கப்பட்டது 1974இல். நீதி வந்தது, ஆனால் காத்திருக்க அங்குக் கழகம் இல்லை. கிராஸ்மன் தம் இல்லத்திலேயே சிலருக்குக் கற்பித்து வந்து, 1955இல் நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். பலர் தம் படங்களைப் பெட்டிகளில் பூட்டி வைத்தனர். சோனியா மேயரின் படங்கள் 2007ஆம் ஆண்டளவில்தான் மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தன. அப்போது அவர் எண்பத்தேழு வயதை எட்டியிருந்தார். 2011இல் நியூயார்க்கின் யூத அருங்காட்சியகம் கழகத்தின் முழுப் பணியையும் பெருங்கண்காட்சியாக வைத்துச் சிறப்பித்தது.

மாணவ மாணவியரே, இவ்வரலாற்றிலிருந்து நான் அறிந்துகொண்டது இது. ஒரு கலை நிலையத்துக்கு அழகிய கட்டடமும் விலையுயர்ந்த கருவியும் இன்றியமையாதன அல்ல. பொதுவான ஓர் இருட்டறை, திறந்த ஒரு சுவர், கடிந்து திருத்தும் ஓர் ஆசிரியர், கூடி வாதிடும் சில நண்பர் ஆகிய இவை இருந்தால் போதும். அதே வேளையில், இவ்வளவு எளிதாகத் தோன்றும் நிலையத்தை அழிப்பதும் எளிது. பதினைந்தாண்டு உழைத்துக் கட்டியதைச் சிதைக்க ஒரு பட்டியலும், மக்கள் உள்ளத்தில் விதைத்த அச்சமும் போதுமாயின. ஹைனிடமிருந்து ஸ்டிராண்டுக்கும், கிராஸ்மனிடமிருந்து ரோசன்பிளமுக்கும், அவரிடமிருந்து கல்லூரி மாணவருக்கும் சென்ற கல்வியை மட்டும் எந்தப் பட்டியலாலும் திரும்பப் பெற இயலவில்லை.

இன்று உங்களில் பலருடைய சட்டைப் பையிலேயே காமிரா இருக்கிறது. பிலிம் வாங்க வேண்டியதில்லை, இருட்டறையும் வேண்டியதில்லை. ஆகவே உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். நீங்கள் வாழும் தெருவில் நாள்தோறும் காண்கின்ற, ஆனால் பெயர் கேட்டறியாத ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். முதலில் அவர் பெயரைக் கேளுங்கள். அவருடைய தொழிலைப் பற்றிப் பேசுங்கள். அவர் இசைந்தால் ஒரே ஒரு படம் எடுங்கள். அதை உங்கள் வகுப்பறைச் சுவரில் ஒட்டி, நண்பர்களைக் குறை கூறச் சொல்லுங்கள். உங்கள் பள்ளிக் குழுப்படம் அடுத்த முறை அச்சாகி வரும்போது, கடைசி வரிசையின் ஓரத்தில் நிற்கும் முகத்தை முதலில் பாருங்கள்.