லாக்டவுன்: ஒரு பூட்டின் கதை

போன மாசம் மின்சார ரயில்ல வந்துக்கிட்டிருந்தேன். எதிர் சீட்ல ஒரு அம்மா, ஸ்கூல் பையை மாட்டிக்கிட்டு ஜன்னலோரம் நின்ன பையனைக் காட்டி, "இவன் லாக்டவுன்ல பொறந்தவன்"னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொன்னாங்க. எந்த வருஷம், எந்த மாசம்னு எதுவும் சொல்லலை. கேட்டவங்களுக்கும் அது தேவைப்படலை. "ஓ, அப்படியா"ன்னு பையன் தலையைத் தடவிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிட்டாங்க.

நம்ம ஊர்ல "சுனாமி அப்போ", "வெள்ளம் வந்தப்போ"ன்னு காலத்தைக் குறிக்கிற வழக்கம் உண்டு. அதெல்லாம் இயற்கை செஞ்ச வேலை. லாக்டவுன் அப்படி இல்லை. யாரோ உத்தரவு போட்டதால வந்தது. ஆனா பேச்சுல அதுவும் மழை, புயல் மாதிரி தானா வந்து தானா போன விஷயம் ஆயிடுச்சு. எப்படி ஆச்சுங்கறதுதான் இன்னைக்குக் கதை.

கொஞ்சம் இலக்கணம். பயப்படாதீங்க, ரெண்டு நிமிஷம்தான். ஆங்கிலத்துல ஒரு சின்ன வினைச்சொல்லோட பின்னாடி அப், அவுட், இன், டவுன்னு ஒரு குட்டிச் சொல்லை ஒட்டினா அர்த்தமே மாறிடும். 'லாக்'ங்கற பூட்டையே எடுத்துக்கோங்க. லாக்-அப் நமக்கு ரொம்ப நாளாத் தெரியும்: போலீஸ் ஸ்டேஷன்ல கம்பிக்குப் பின்னாடி இருக்கிற அறை. லாக்-அவுட்னா தொழிற்சாலை முதலாளி கேட்டை மூடிட்டுத் தொழிலாளிகளை வெளியே நிறுத்தறது. பத்திரிகைத் தமிழ்ல 'கதவடைப்பு'. லாக்-இன் உங்கள்ல பல பேர் மியூச்சுவல் ஃபண்ட் ஆப்ல பார்த்திருப்பீங்க, வரிச்சலுகைக்காகப் போட்ட பணத்தை மூணு வருஷத்துக்குத் தொட முடியாது. இந்தக் குடும்பத்துல கடைசியா நம்ம வீட்டுக்கு வந்தது லாக்டவுன்.

இதை வினையாச் சொல்லும்போது ஆங்கிலத்துல ரெண்டு சொல், அழுத்தம் 'டவுன்' மேல விழும். பெயராச் சொல்லும்போது ஒரே சொல், அழுத்தம் 'லாக்' மேல. சின்ன வித்தியாசம்தான். ஆனா வினைன்னா 'யாரு, யாரைப் பூட்டினா?'ன்னு கேள்வி வரும். பெயர்ச்சொல் அந்தக் கேள்விக்கு இடமே தராது. 'லாக்டவுன் வந்தது', 'லாக்டவுன் முடிஞ்சது'ன்னு சொல்லிட்டுப் போயிடலாம்.

இந்தச் சொல்லோட பழைய தடயம் ஒரு ஆத்துல கிடைக்குது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் காட்டில் வெட்டிய மரங்களை ஆற்றிலேயே மிதக்கவிட்டுக் கொண்டுபோவார்கள். மரங்கள் பிரிந்துபோகாமல் இருக்க, அவற்றின் குறுக்கே கட்டை வைத்து இறுக்கித் தெப்பமாக்குவார்கள். அந்தப் பிணைப்புக்கு மரவெட்டிகள் வைத்திருந்த பெயர்களில் ஒன்று லாக்டவுன். பழைய ஆங்கில அகராதிகளில் இந்தப் பொருள் இருக்கிறது. இன்றைய சொல் அதன் நேரடி வாரிசு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அசைய விடாமல் அழுத்திப் பிடிப்பது என்ற எண்ணம் அப்போதே இருந்தது.

நமக்குத் தெரிந்த லாக்டவுன் சிறையில் பிறந்தது. 1970களில் அமெரிக்கச் சிறைச் செய்திகளில் இது வழக்கமான சொல்லாகிவிட்டது. கலவரமோ கொலையோ நடந்தால் எல்லாக் கைதிகளையும் அவரவர் அறைக்குள் தள்ளிப் பூட்டுவார்கள். சாப்பாட்டுக்கூடம் கிடையாது, வேலை கிடையாது, முற்றத்தில் நடக்கிறதும் கிடையாது. நிலைமை அடங்கியதும் திறப்பார்கள். சில மணி நேரம், சில நாள்.

ஒரு இடத்தில் மட்டும் திறக்கவே இல்லை. இல்லினாய் மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் ஒரு மத்திய அரசுச் சிறை. அல்காட்ராஸ் தீவுச் சிறையை 1963இல் மூடினார்கள் இல்லையா, அதற்கு மாற்றாக வந்தது இது. 1983 அக்டோபர் 22 அன்று அங்கே ஒரே நாளில், இரண்டு தனித்தனிச் சம்பவங்களில், இரண்டு காவலர்களைக் கைதிகள் குத்திக் கொன்றார்கள். சிறை முழுக்க லாக்டவுன். ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது, ஒரு வருடமும் போனது. கைதிகள் நாளுக்கு ஏறத்தாழ 23 மணி நேரம் அறைக்குள்ளேயே இருந்தார்கள். அப்படியே 23 வருடம் ஓடியது. தற்காலிகமாகச் செய்ததே அந்தச் சிறையின் நிரந்தர நடைமுறையாகிவிட்டது. 1994இல் கொலராடோவில் ஃப்ளோரன்ஸ் என்ற இடத்தில் கட்டிய 'சூப்பர்மேக்ஸ்' சிறையை ஆரம்பத்திலிருந்தே இந்த மாதிரி வாழ்க்கைக்காகத்தான் வடிவமைத்தார்கள்.

இதுல ஒண்ணைக் கவனிங்க. சிறைல லாக்டவுன்னா ஆபத்து உள்ளே இருக்கு, உள்ளே இருக்கறவங்கதான் ஆபத்து. பூட்டு அவங்களைக் கட்டுப்படுத்த. 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் துப்பாக்கியோடு வந்து 12 மாணவர்களையும் ஒரு ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு அமெரிக்கப் பள்ளிகளில் லாக்டவுன் ஒத்திகை பரவியது. கதவைப் பூட்டு, விளக்கை அணை, சுவரோரம் சத்தமில்லாமல் உட்கார். இங்கே பூட்டின் திசையே திரும்பிவிட்டது. ஆபத்து வெளியே. பூட்டு உள்ளே இருக்கும் பிள்ளைகளைக் காப்பாற்ற. அடக்குவதற்கும் காப்பதற்கும் ஒரே சொல். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, தப்பிய ஒருவனைத் தேடும்போது மக்களை வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாம் என்றார்கள். அதிகாரிகள் 'இருக்கும் இடத்திலேயே பத்திரமாக இருங்கள்' என்ற பொருளில் வேறு சொல் வைத்திருந்தார்கள். செய்திகளோ லாக்டவுன் என்றே எழுதின.

இதுக்கு நடுவுல சாதாரணப் பேச்சுலயும் இது நல்லாப் பரவிடுச்சு. கூடைப்பந்துல எதிராளியை நகர விடாம தடுக்கிற ஆட்டக்காரர் 'லாக்டவுன் டிஃபெண்டர்'. ஒரு பெரிய வாடிக்கையாளர்கிட்ட ஒப்பந்தத்தை உறுதி பண்ணிட்டா அதை 'லாக் டவுன்' பண்ணியாச்சு. ஆன்லைன் பரீட்சைல வேற டேப் திறக்க விடாத மென்பொருள் ஒண்ணு, அதைத் திட்டாத மாணவரை நான் பார்த்ததில்லை, அதுக்கும் இதே பேர்தான். ஐபோன்ல 2022லேர்ந்து 'லாக்டவுன் மோட்' இருக்கு. உளவு மென்பொருள் பயம் உள்ளவங்களுக்காக.

இனி 2020. ஜனவரி 23 அன்று சுமார் 1.1 கோடி மக்கள் வாழும் வூஹான் நகரத்தின் போக்குவரத்தைச் சீன அரசு நிறுத்தியது. சீன மொழியில் அதற்குச் சொன்ன சொல்லின் பொருள் 'நகரை மூடி முத்திரையிடுவது'. ஆங்கிலச் செய்திகள் அதை லாக்டவுன் ஆக்கின. பிறகு ஒவ்வொரு நாடும் தன் வீட்டுக்கு ஒரு பெயர் தேடியது. இத்தாலி ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டது. பிரான்ஸில் 'கான்ஃபைன்மான்', அதாவது அடைத்து வைத்தல். கலிஃபோர்னியாவில் 'வீட்டில் இருங்கள்' ஆணை. சிங்கப்பூரோ கரண்ட் சாதனத்தின் பெயரை எடுத்து 'சர்க்யூட் பிரேக்கர்' என்றது. அந்த வருட முடிவில் காலின்ஸ் அகராதி 2020இன் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது லாக்டவுனைத்தான்.

தமிழ்ல என்ன நடந்தது? மலேசியத் தமிழர்களுக்கு 'நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை'. நீளம்தான், ஆனா நேர்மையான பேர். எதைக் கட்டுப்படுத்தறாங்கன்னு சொல்லிடுது. இலங்கைல 'ஊரடங்குச் சட்டம்'. அங்கே மார்ச் 20லேர்ந்து வந்தது நிஜமாவே கர்ஃப்யூதான். 1983 ஜூலை கலவரத்திலிருந்து போர்க்காலம் வரைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவங்க காதுல அது எப்படி விழுந்திருக்கும்னு யோசிங்க.

தமிழ்நாட்டுலயும் கர்ஃப்யூவுக்கு இருந்த 'ஊரடங்கு'தான் லாக்டவுனுக்கும் வந்தது. இந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதே நேரம் சந்தேகமாவும் இருக்கும். ஊர் அடங்குதுன்னா என்ன? ராத்திரி ஆச்சு, கடை சாத்தியாச்சு, நாய் குரைக்கிற சத்தம் மட்டும். யாரும் அடக்கலை, தானா அடங்குது. (கர்ஃப்யூங்கற சொல்லுக்குள்ளேயும் ராத்திரிதான் இருக்கு. பழைய பிரெஞ்சுல 'நெருப்பை மூடு'ன்னு அர்த்தம். மணி அடிச்சதும் அடுப்பை மூடிட்டுப் படுக்கணும்.) 'அடங்கு' தன்வினை. 'அடக்கு' பிறவினை. அரசாங்கம் போட்ட உத்தரவுக்குத் தன்வினையில ஒரு பேர்! அப்புறம் 'முழு ஊரடங்கு', 'தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு', 'தளர்வுகளற்ற முழு ஊரடங்கு'ன்னு செய்தி வாசிக்கிறவங்க மூச்சு வாங்க வாசிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

ஆனா தெருவுல பேசின தமிழ் ஏமாறலை. ஜனங்க என்ன சொன்னாங்க? "லாக்டவுன் போட்டுட்டாங்க." வரி போட்டாங்க, கேஸ் போட்டாங்க, 144 போட்டாங்கன்னு சொல்ற அதே 'போடு'. ஆங்கிலம் பெயர்ச்சொல்லுக்குள்ள ஒளிச்சு வெச்ச ஆளை, இந்த ஒரு 'போட்டுட்டாங்க' வெளியே இழுத்துட்டு வந்துடுச்சு. போட்டது நாம இல்லை, 'அவங்க'.

போட்ட விதத்தையும் பார்க்கணும். 2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. தமிழ்நாட்டில் அன்று மாலை 6 மணிக்கே 144 தடை உத்தரவு அமலுக்கு வந்துவிட்டது. இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் லாக்டவுன் என்றார். இதைக் கர்ஃப்யூ மாதிரியே எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். நடுவில் இருந்தது நாலு மணி நேரம். 21 நாள் அடுத்தடுத்து நீண்டு மே 31 வரை 68 நாளானது.

சிறையில் லாக்டவுன் வேலை செய்ய ஒரு முன்நிபந்தனை உண்டு: ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, வேளைக்குச் சாப்பாடு கொண்டுவர ஓர் ஆள். பள்ளியிலும் ஒரு வகுப்பறை இருக்கிறது. நகரத்தில் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே தங்கி, அன்றன்றைய கூலியில் சாப்பிட்டவர்களுக்கு எந்தக் கதவைப் பூட்டுவது? வேலை நின்றதும் தங்குமிடமும் போனது. பஸ்ஸும் ரயிலும் கிடையாது. அதனால் உலகமே 'வீட்டில் இரு' என்று பொருள் கொண்ட ஒரு சொல், அவர்களுக்கு 'நட' என்றானது. சிறப்பு ரயில்கள் மே 1ஆம் தேதிதான் ஓடத் தொடங்கின. மே 8 அதிகாலை, மகாராஷ்டிராவில் ஜால்னாவிலிருந்து தண்டவாளத்தை ஒட்டி நடந்து களைத்து, அதன் மேலேயே தூங்கிவிட்ட மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள் 16 பேர், ஔரங்காபாத் அருகே சரக்கு ரயில் ஏறி இறந்தார்கள். அவர்கள் கட்டி எடுத்து வந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள்.

ஜூன் மாதம் மத்திய அரசு 'அன்லாக்' என்ற பெயரோடு தளர்வுகளைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் கடைகளுக்கு நேரம் குறித்திருந்தார்கள். சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஒரு செல்போன் கடை வைத்திருந்தார்கள். அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜூன் 19 அன்று போலீஸ் ஜெயராஜைக் கூட்டிப்போனது. அப்பாவைத் தேடி மகனும் ஸ்டேஷனுக்குப் போனார். பிறகு இருவரையும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார், மறுநாள் காலை அப்பா. சிபிஐ விசாரித்து ஒன்பது போலீஸ்காரர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

அந்த வாரத்துப் பேப்பர்களைத் திரும்பப் புரட்டினா, பல செய்திகள்ல லாக்டவுனும் லாக்கப்பும் பக்கத்துப் பக்கத்து வரியில இருக்கும்.