கொற்கையின் சங்கறுப்போர்

சிலப்பதிகாரத்தைக் கற்பின் கதையென்றும் அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றான கதையென்றும் சொல்லுவார்கள். கையில் ஒற்றை ஆபரணத்தை வைத்துக்கொண்டு, முன்பின் அறியாத ஊரின் கடைவீதியில் அதற்கு விலை கேட்கப் போன ஒருவனுடைய கதையும் அதுவே. அக்கதையில் பாண்டியன் மனைவி கோப்பெருந்தேவியின் சிலம்பில் பரலாயிருந்தது முத்து. பாண்டியர் முத்துக்குப் பிறந்தவீடு கொற்கைத் துறை. மதுரை எரிந்த பின்னர், ஒரு பொற்கொல்லனின் வஞ்சனைக்கு ஈடாக ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டானென்று அக்காவியத்தின் உரைபெறு கட்டுரை கூறும் வெற்றிவேற்செழியனும் கொற்கையிலிருந்தவனே. அந்த ஆயிரம் பேரில் ஒருவர் பெயர்கூட நம்மை வந்து எட்டவில்லை. நகையை அணிந்தவர் பெயர் நிற்க, அதைச் செய்தவரும் விற்றவரும் வெறும் தொகையாகவே சரித்திரத்தில் வருவது என் மனத்தை உறுத்துகிறது. ஆகையால், கொற்கையைப் பற்றி எழுதும்போது கப்பல்களையும் கொடிகளையும் விட்டு, அந்தக் கைகளைத் தேட விரும்புகிறேன்.

கொற்கை இன்று கடலைக் காணாத சிற்றூர். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைச் சில கல் தொலைவுக்குத் தள்ளிவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் நூல், இங்கே தண்டனை பெற்ற கைதிகளைக்கொண்டு முத்துக்குளித்தார்களென்று சொல்லுகிறது. அண்மையிலுள்ள அக்கசாலை என்னும் ஊரின் பெயரே பொன் வேலைக்கும் நாணயம் அடித்தலுக்கும் சாட்சி. 1968-69-இல் தமிழகத் தொல்லியல் துறையினர் இவ்வூரில் அகழாய்வு நடத்தினர்.

முத்தின் பிரசித்தியோ சங்கை மறைத்துவிட்டது. முத்து அரசனுக்கும் அயல்நாட்டு வணிகனுக்கும் போயிற்று. சங்கு வளையோ சாதாரணக் குடும்பப் பெண்ணின் கையிலும் ஏறிற்று. மதுரைக் கடைவீதியை வருணிக்கும் மதுரைக்காஞ்சி, சங்கை அறுத்து வளை கடைவோரையும் மணிகளுக்குத் துளையிடுவோரையும் பொன்வினைஞரையும் அடுத்தடுத்து நிறுத்துகிறது. அகநானூற்றில் வேள்வித் தொழிலை விட்டுச் சங்கறுத்து ஜீவித்த அந்தணரைக் காண்கிறோம். நக்கீரரே சங்கறுக்கும் குலத்தில் உதித்தவரென்பது கர்ணபரம்பரை. இறைவனே வணிகனாக வந்து மதுரைத் தெருவில் வளையல் விற்றதைத் திருவிளையாடற் புராணம் ஒரு படலமாகவே பாடுகிறது. வீதியில் நின்று நகை விற்பதை இழிவென்று எண்ணாத சமுதாயத்தில்தான் இப்படியொரு கதை பிறக்க முடியும்.

இவையெல்லாம் கவிகளின் கற்பனையோ என்று ஐயுறுவோருக்கு மண்ணே விடை வைத்திருக்கிறது. சென்னை ராஜதானியின் மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியச் சங்கைப் பற்றி 1914-இல் வெளியிட்ட நூலில், கொற்கையிலும் காயலிலும் வாளால் அறுபட்ட சங்குத் துண்டுகள் கிடைத்ததையும், அவற்றின் வெட்டு வாய் டாக்கா நகரத்துச் சங்கறுப்போர் கழித்துப் போடும் துண்டுகளின் வெட்டு வாயையே ஒத்திருந்ததையும் எழுதினார். அக்காலத்து டாக்காக்காரர் தரையில் உட்கார்ந்து, சுத்தியலால் உள்தண்டை உடைத்தெடுத்த சங்கை நட்ட குச்சிக்கும் தம் பாதத்துக்கும் இடையே இறுக்கி, பிறை வடிவான கனத்த இரும்பு வாளை இரு கைகளாலும் பற்றி முன்னும் பின்னும் இழுப்பார்கள்; வாளுக்கும் கால்விரலுக்கும் உள்ள தூரம் மிகச் சொற்பம். வளையமாக அறுபட்டதன் உட்புறத்தை மணற்பொடி பூசிய கோலால் தேய்த்து, வெளிப்புறத்தில் கோலம் செதுக்கி, விரிசல் இருந்தால் அரக்கால் அடைப்பார்கள். இவ்வளவு பாடுபட்டும் ஒரு சங்கில் தேறுபவை சில வளைகளே; வாள் சற்றே பிசகினால் அதுவும் இல்லை.

முத்துக்கும் இப்படியொரு கைவேலை இருந்தது. முத்துக்குளிப்புக் காலத்தில் கடற்கரையில் ஓலைக் குடிசைகளாலான ஊர் ஒன்று திடீரென எழும்பும். வியாபாரிகள், வட்டிக்குக் கொடுப்போர், வேடிக்கை பார்ப்போர் எல்லோரும் அங்கே கூடுவார்கள். ஆங்கிலேயர் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு சிப்பி ராஜாங்கத்தைச் சேர்ந்து ஏலத்துக்குப் போக, குளிப்போர் தமக்குக் கிடைத்த ஒரு பங்கைக் கரையிலேயே சில்லறையாக விற்பார்கள். அழுகவிட்டு அலசியெடுத்த முத்துக்களைத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்து, ஆணி, வடிவு, குறுவல், தூள் என்று தரம் பிரிப்பார்கள். பின்பு துளையிடுவோன், குழிகள் குடைந்த மரக்கட்டையில் முத்தைப் பதித்து, ஒரு கையால் வில்லை இழுத்து ஊசியைச் சுழற்றிக்கொண்டே, சிரட்டையில் உள்ள நீரைச் சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டு முத்தை நனைப்பான். ஊசியின் சூடு முத்தைக் கெடுக்காமல் காத்தது அந்தச் சுண்டுவிரலே.

கடற்கரை வளம் போர்த்துகீசியர் கைக்கும், 1658-இல் டச்சுக்காரர் கைக்கும், பின்னர் ஆங்கிலேயர் கைக்கும் மாறிற்று. முத்தைப் போலவே சங்கும் ராஜாங்கத்தின் ஏகபோகமாயிற்று. குளித்தவன் எடுத்த சங்கைக் கிடங்கில் ஒப்புவிக்க, அது மொத்தமாகக் குத்தகைக்காரருக்கும், அவர் மூலம் வங்காளத்துக்கும் போயிற்று. அங்கே சுமங்கலிகள் சங்கு வளை அணிவது இன்றளவும் நிற்கும் ஆசாரம். இங்கோ அந்த வழக்கம் ஒழிந்து, கண்ணாடி வளையும் பொன் வளையும் இடத்தைப் பிடித்தன. வாங்குவோரும் இல்லை, கச்சாப் பொருளும் சில்லறையாகக் கிடைக்காது என்ற நிலையில் சங்கறுக்கும் கை எப்படி நிலைக்கும்? கொற்கையில் ஒரு தொழில் செத்ததற்கு மக்களின் அசிரத்தையை மட்டும் காரணமாக்குவது நியாயமாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இதே கரையிலுள்ள தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. சங்கு இன்றும் வங்கத்துக்குப் போகிறது. ஆகஸ்டு 5-இல் நிறைவுறும் தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழாவிலும், திருச்செந்தூர்க் கோயில் வாசலிலும் சிப்பி மாலையும் பாசிமணியும் வளையலும் பரப்பி வைத்திருக்கும் சிறு கடைக்காரர்களே இக்கரையின் பழைய நகை வாணிபத்தின் எஞ்சிய வாரிசுகள். மூட்டை மூட்டையாக வெளியூர் போகும் சங்கில் ஒரு சிறு பங்கையேனும் அவர்கள் வாங்கத்தக்க அளவில் சில்லறையாகக் கொடுத்து, அறுக்கும் வித்தையை வங்கத்துக் கைவினைஞரைக்கொண்டே இங்குள்ள இளைஞருக்குச் சொல்லிக்கொடுத்தால், தூத்துக்குடியில் அறுத்த வளையைத் தூத்துக்குடித் திருவிழாவிலேயே விற்கலாம்.