கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்கு ஒரு காவல்

ஈய அச்சு கோர்த்த காலத்தில் இடைவெளியும் ஒரு துண்டு ஈயம்தான். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அதை எடுத்துச் செருக வேண்டும். கணினியிலும் அதே கதைதான். ஆஸ்கி அட்டவணையில் இடைவெளிக்கு எண் 32, டேப்புக்கு 9, வரி முடிவுக்கு 10. திரையில் பார்த்தால் மூணும் வெறுமை. கணினிக்கு மூணும் வேறு வேறு எழுத்து. நிரல் எழுதுபவர்கள் இந்த வெறுமையோடு ஐம்பது வருஷமாக மல்லுக்கட்டி வருகிறார்கள்.

1976-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். அதில் கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப்பில்தான் தொடங்க வேண்டும். டேப்புக்குப் பதிலாக எட்டு இடைவெளி போட்டால் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்யாது. இது பிசகு என்று சீக்கிரமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நண்பர்கள், அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று அப்படியே விட்டுவிட்டதாகப் பின்னாளில் சொன்னார். பன்னிரண்டு பேருக்காக விட்டது இன்றைக்கும் உலகம் பூராவும் தொடர்கிறது!

பைத்தானில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. 1991-ல் கீடோ வான் ராசம் வெளியிட்ட அந்த மொழியில் உள்தள்ளல்தான் இலக்கணம். எந்த வரி எந்த வளையத்துக்குள் வருகிறது என்பதை முன்னால் விட்ட வெறுமையே தீர்மானிக்கும். பைத்தான் 2 ஒரு டேப்பை எட்டுக் கட்டத்தின் அடுத்த மடங்குவரை நீட்டிக் கணக்கிட்டது. உங்கள் எடிட்டர் நாலு கட்டமாகக் காட்டினால்? நீங்கள் படிப்பது ஒரு நிரல், ஓடுவது வேறொரு நிரல். இதைக் கண்டுபிடிக்கவே டிம் பீட்டர்ஸ் 'டேப்நானி' என்று ஒரு சின்ன நிரல் எழுதினார். டேப்புக்கு ஓர் ஆயா! 2008-ல் வந்த பைத்தான் 3, குழப்பம் தரும் டேப்-இடைவெளிக் கலப்பைப் பிழை என்றே நிராகரித்தது.

சி மொழிக்கு உள்தள்ளல் ஒரு பொருட்டே இல்லை. அதிலும் ஆபத்து உண்டு. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகத் திருத்திய பாதுகாப்புக் கோளாறைப் பாருங்கள். 'கோட்டு ஃபெயில்' என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டாவது வரியும் மேலே உள்ள நிபந்தனைக்குள் இருப்பதுபோலவே தள்ளி எழுதப்பட்டிருந்தது. கம்பைலருக்கு அந்தத் தள்ளல் தெரியாது. அந்த வரி நிபந்தனையே இல்லாமல் ஓடியது. இணையத்தில் எதிர்முனையில் இருப்பது உண்மையான தளம்தானா என்று பார்க்கும் கையொப்பச் சோதனை நடக்காமலே போனது. 2016-ல் வந்த ஜிசிசி 6, இப்படி ஏமாற்றும் உள்தள்ளலைக் கண்டால் எச்சரிக்கக் கற்றுக்கொண்டது.

இதெல்லாம் பெரிய விபத்துகள். அன்றாடத் தொல்லை வேறு: வரிக் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்று இடைவெளி. அதனால் நிரல் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒருவருடைய எடிட்டர் சேமிக்கும்போதே அதையெல்லாம் துடைத்துவிடும், இன்னொருவருடையது துடைக்காது. முதலாமவர் ஒரே ஒரு வரியை மாற்றி அனுப்புவார்; வித்தியாசப் பட்டியலில் இருநூறு வரி மாறியதாக வரும். சரிபார்ப்பவர் அந்த ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பிழை ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதலில் மனிதர்கள் மனிதர்களிடம் சொல்லிப் பார்த்தார்கள். 2001-ல் பைத்தானுக்கு பெப் 8 என்ற நடை வழிகாட்டி வந்தது. படிப்பார்கள், தலையாட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். பிறகுதான் வேலை இயந்திரத்தின் கைக்குப் போனது. லினக்ஸ் கெர்னலில் 2007 முதல் 'செக்பேட்ச்' என்ற ஸ்கிரிப்ட் திருத்தங்களை அலசுகிறது. கிட்டில் 'டிஃப் செக்' என்ற வசதியே இருக்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் சிம்பை. பைத்தானில் எழுதிய இயற்கணித நூலகம். அதன் சோதனைத் தொகுப்பில், தொகையீடு சரியாக வருகிறதா, சமன்பாடு தீர்கிறதா என்று பார்க்கும் ஆயிரக்கணக்கான சோதனைகளுக்கு நடுவே ஒரு கோப்பு மட்டும் கணிதத்தைத் தொடுவதே இல்லை. அது சிம்பையின் மூலநிரலையே திறந்து வரிவரியாகப் படிக்கிறது. வரிக் கடைசியில் இடைவெளி இருக்கிறதா? வரித் தொடக்கத்தில் டேப் இருக்கிறதா? விண்டோஸ் பாணி வரிமுடிவு நுழைந்திருக்கிறதா? கோப்பு சரியாக ஒரே ஒரு வரிமுடிவோடு முடிகிறதா? ஒன்று தவறினாலும் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சொல்லிவிட்டுச் சோதனை தோற்கும். தவறான தொகையீட்டுக்கு என்ன மரியாதையோ, அதே மரியாதை ஒரு வெற்று இடைவெளிக்கும்!

அதே கோப்பில், தேடும் விதிகளே சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கவும் சோதனைகள் உண்டு. காவல்காரருக்கும் ஒரு காவல்.

இது அற்பக் கெடுபிடி மாதிரி தோன்றலாம். ஆனால் சிம்பைக்கு யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். 2007 முதல் கூகுள் சம்மர் ஆஃப் கோட் வழியாக மாணவர்கள் வருகிறார்கள். நம் நாட்டுப் பொறியியல் மாணவர்களும் அதில் நிறைய. முதல் திருத்தத்தை அனுப்பிய பையனிடம் மூத்தவர் ஒருவர் "38-ஆம் வரியில் இடைவெளி இருக்கு, எடுங்க" என்று எழுதினால், என்னதான் பணிவாக எழுதினாலும் அது குட்டு மாதிரிதான் விழும். நாலு பேர் முன்னால் வாங்கிய குட்டு. அதையே இயந்திரம் சொன்னால் மனசு நோகாது. பத்து வருஷமாக எழுதும் மூத்தவருக்கும் அது அதே வாக்கியத்தைத்தான் சொல்லும். மனிதர்கள் கணிதத்தைப் பற்றிப் பேசலாம்.

விலையும் உண்டு. பழைய நிரலில் இப்படி ஒரு விதியைக் கொண்டுவர, முதல் நாளே எல்லாக் கோப்பையும் துடைக்க வேண்டும். அதன் பிறகு எந்த வரியை யார் எழுதினார் என்று பார்த்தால், துடைத்தவர் பெயர்தான் வரும். 2019-ல் வந்த கிட் 2.23-ல்தான், குறிப்பிட்ட திருத்தங்களை ஒதுக்கிவிட்டுப் பழைய ஆளைக் காட்டும் வசதி வந்தது. தானே உருவாக்கும் கோப்புகளுக்கு விலக்கும் தர வேண்டும். அந்த விலக்குப் பட்டியல் நீண்டுகொண்டே போனால் விதி செத்துவிட்டது என்று அர்த்தம்.

ஃபெல்ட்மன் பன்னிரண்டு பேரிடம் சொல்லத் தயங்கினார். அன்றைக்கு அவரே வாய்திறந்து சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கு அதைச் சொல்ல ஒரு சோதனைக் கோப்பு இருக்கிறது. அதற்குத் தயக்கமும் கிடையாது, நண்பர்களும் கிடையாது.