நீரடி ஒளிப்படவியலுக்கான எண்ணிம எஸ்.எல்.ஆர். கருவிகள்

நீரடி ஒளிப்படவியல் என்பது கடல், ஏரி, நீச்சற்குளம் முதலிய நீர்நிலைகளின் மேற்பரப்புக்குக் கீழே ஒளிப்படம் எடுக்கும் கலையும் தொழில்நுட்பமும் ஆகும். இதற்கு எண்ணிம எஸ்.எல்.ஆர். (டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்.) ஒளிப்படக்கருவியைப் பயன்படுத்துவோர், அதனை நீர் புகாத காப்புறை (ஹவுசிங்) ஒன்றினுள் வைத்து எடுத்துச் செல்கின்றனர். காப்புறைகள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட கருவி மாதிரிக்கென்றே செய்யப்படுகின்றன. பொத்தான்களின் இடம் சில மில்லிமீட்டர் மாறினாலும் வேறு மாதிரி அதனுள் பொருந்தாது. காப்புறையின் விலை பல வேளைகளில் கருவியின் விலையை ஒத்தோ அதனை விஞ்சியோ இருக்கும். எனவே கருவி, காப்புறை, வில்லை, முகப்பு, விளக்கு ஆகிய ஐந்தையும் ஒரே தொகுதியாகக் கருதித் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

வரலாறு

1856ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வேமத் விரிகுடாவில் வில்லியம் தாம்சன் என்பவர், பெட்டி ஒன்றினுள் வைத்த ஒளிப்படக்கருவியைக் கடலுக்குள் இறக்கிப் படம் எடுத்தார். பெட்டிக்குள் நீர் புகுந்த போதிலும் மங்கலான படம் ஒன்று கிடைத்தது. 1893ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு உயிரியலாளர் லூயி பூத்தான், பன்யூல்சு-சுர்-மேர் என்னும் ஊரில் தாமே நீருள் இறங்கிப் படங்கள் எடுத்தார். 1926ஆம் ஆண்டில் புளோரிடாவின் டிரை டோர்ட்டுகாசுத் தீவுகளுக்கு அருகே வில்லியம் லாங்லி, சார்லசு மார்ட்டின் ஆகிய இருவரும் முதல் நீரடி வண்ணப்படங்களை எடுத்தனர். 1950களில் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இலங்கைக் கடற்பகுதியில் மூழ்கி, திருக்கோணமலையின் கோணேசுவரர் கோயிலைச் சார்ந்த சிதைவுகளைக் கடலடியில் கண்டனர்.

காப்புறை தேவைப்படாத நைக்கோனோசு வரிசைக் கருவிகள் 1963ஆம் ஆண்டு முதல் நைக்கான் நிறுவனத்தால் விற்கப்பட்டன. 2001இல் அவற்றின் உற்பத்தி நின்றது. அதன்பின், நைக்கான் டி100 (2002), கேனான் 300டி (2003) போன்று தனிநபர் வாங்கக்கூடிய எண்ணிம எஸ்.எல்.ஆர். கருவிகள் சந்தைக்கு வந்தன. அவற்றுக்கான காப்புறைகளும் பரவலாயின. ஒரு படச்சுருளில் 36 படங்கள் மட்டுமே என்ற வரம்பு நீங்கியது. எடுத்த படத்தை நீருக்குள்ளேயே பார்த்துத் திருத்திக்கொள்ளவும் முடிந்தது.

நீரில் ஒளியின் இயல்பு

கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் மூன்று இயற்பியல் உண்மைகளை அறிதல் நன்று.

- ஒளிமுறிவு: நீரின் முறிவுக் குறிப்பெண் ஏறத்தாழ 1.33 ஆகும். எனவே நீருள் இருக்கும் பொருள், அதன் உண்மைத் தொலைவில் நான்கில் மூன்று பங்கு தொலைவில் இருப்பதாகத் தோன்றும்.
- நிற உறிஞ்சல்: தெளிந்த கடல்நீரில்கூடச் சிவப்பு நிறம் முதல் சில மீட்டர்களிலேயே பெரும்பாலும் மறைகிறது. அதையடுத்துச் செம்மஞ்சளும் மஞ்சளும் மங்குகின்றன. நீலம் மட்டுமே ஆழம் வரை எட்டுகிறது. இவ்வுறிஞ்சல் ஆழத்தை மட்டும் பொறுத்ததன்று. பொருளிலிருந்து வில்லை வரை ஒளி நீரில் செல்லும் தொலைவும் இதில் சேரும்.
- ஒளிச்சிதறல்: நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடித்துப் படத்தின் தெளிவைக் குறைக்கின்றன.

மூன்றும் சேர்ந்து ஒரே விதியைத் தருகின்றன: பொருளுக்கும் வில்லைக்கும் இடையிலுள்ள நீரின் அளவைக் குறைக்க வேண்டும். தொலைவிலிருந்து பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கு வில்லைகள் நீருள் ஏறக்குறையப் பயனற்றவை. பொருளை மிக நெருங்கி எடுக்க உதவும் அகலக்கோண வில்லைகளும் மேக்ரோ வில்லைகளுமே இங்குப் பயன்படுகின்றன.

கருவியைத் தேர்தல்

நிலத்தில் முதன்மையாகக் கருதப்படும் சில கூறுகள் நீருள் பின்தள்ளப்படுகின்றன. மெகாபிக்சல் எண்ணிக்கையைவிடக் கீழ்க்காண்பன முக்கியமானவை.

- காப்புறை கிடைப்பது: எல்லா மாதிரிகளுக்கும் காப்புறை செய்யப்படுவதில்லை. முதலில் காப்புறை உண்டா என்று அறிந்து, அதன் பின்னரே கருவியை வாங்க வேண்டும்.
- குறைந்த ஒளியில் தானியங்கு குவியம்: மங்கிய நீலவொளியில் குவியத்தைத் தேடித் தடுமாறும் கருவி, மீன் நகர்ந்த பின்னரே படம் எடுக்கும்.
- பார்வைச்சாளரம்: முகமூடியும் காப்புறையின் கண்ணாடியும் இடையில் இருப்பதால் கண்ணைச் சாளரத்தோடு ஒட்டி வைக்க இயலாது. பெரிய, ஒளி மிக்க சாளரம் உதவும். பெரிதாக்கும் தனிச்சாளரங்களைச் சில காப்புறைகளில் பொருத்தலாம்.
- உடனிணைந்த பிளாஷ்: வெளி பிளாஷை ஒளியிழை வழியே தூண்ட இது பயன்படும். நைக்கான் டி500, டி850 போன்ற உயர்நிலை மாதிரிகளில் இது இல்லை. அவற்றுக்கு மின்வடமோ காப்புறைக்குள் வைக்கும் எல்.இ.டி. தூண்டியோ தேவை.
- ரா கோப்பு வசதி: இழந்த நிறங்களைப் பின்னர்க் கணினியில் ஓரளவு மீட்க, ஜெபெக் கோப்பைவிட ரா கோப்பு பெரிதும் ஏற்றது.

உணரியின் அளவும் கருதத்தக்கது. முழுச்சட்டக உணரி குறைந்த ஒளியில் சிறப்பாகச் செயற்படும். ஆனால் மூலைகள் தெளிவாக அமைய அதற்குப் பெரிய குவிமாடமும் சிறிய துளையும் தேவைப்படுவதால் செலவும் எடையும் கூடும். 1.5 அல்லது 1.6 மடங்குச் சட்டகக் காரணி கொண்ட சிறிய உணரியில் ஒரே துளையளவில் குவிய ஆழம் கூடுதலாகக் கிடைப்பதால், மேக்ரோ படங்களுக்கு அதுவே போதுமானது.

காப்புறை

காப்புறைகள் பொதுவாக இரு பொருள்களால் செய்யப்படுகின்றன.

- பாலிகார்பனேட்டுக் காப்புறை: ஒளி ஊடுருவுவதால் உள்ளே நீர் கசிவதைக் கண்ணால் காணலாம். விலை குறைவு. ஏறத்தாழ 60 மீட்டர் வரை தாங்கும் மாதிரிகள் உள்ளன. அமெரிக்காவின் ஐக்லைட் நிறுவனம் இவ்வகைக்குப் பெயர் பெற்றது.
- அலுமினியக் காப்புறை: உறுதியும் நுட்பமும் மிக்கது. விசைகள் விரலுக்கு எட்டும்படி அமைந்திருக்கும். ஏறத்தாழ 100 மீட்டர் வரை தாங்கும் மாதிரிகள் உண்டு. ஆங்காங்கின் நாட்டிகாம், ஆசுத்திரியாவின் சுபால், சீக்காம், கனடாவின் அக்குவாட்டிக்கா ஆகியன இவ்வகையில் அறியப்பட்டவை.

பொழுதுபோக்கு மூழ்குதலின் ஆழ வரம்பு பொதுவாக 40 மீட்டர் என்பதால், ஆழத்தாங்கு திறனுக்காக மட்டும் அலுமினியத்தைத் தேர்வு செய்யத் தேவையில்லை. ஆயினும் அழுத்தத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில், 20 சென்ட்டிமீட்டர் விட்டமுள்ள முகப்பின் மேல் தாக்கும் விசை ஒரு தொன் எடையை நெருங்கும்.

துளையளவு, ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ., படம் மீள்பார்த்தல் ஆகியவற்றுக்கான விசைகள் அனைத்தும் காப்புறையின் வெளியிலிருந்து இயக்கத்தக்கனவா என்று, கருவியை உள்ளே வைத்துக் கையுறை அணிந்து சோதித்துப் பார்ப்பது நல்லது.

முகப்புகளும் வில்லைகளும்

வில்லைக்கு முன்னே அமையும் ஒளிபுகு சாளரம் முகப்பு (போர்ட்) எனப்படும். வில்லைக்கு ஏற்ப அதனை மாற்ற வேண்டும்.

தட்டை முகப்பு மேக்ரோ வில்லைகளுக்கு உரியது. ஒளிமுறிவால் வில்லையின் பார்வைக்கோணம் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காகச் சுருங்கும். சிறு உயிரினங்களைப் படம் எடுப்போருக்கு இது நன்மையே. அகலக்கோண வில்லையோடு பயன்படுத்தினால் ஓரங்களில் நிறப்பிறழ்வும் வளைவும் தோன்றும்.

குவிமாட முகப்பு அகலக்கோண வில்லைகளுக்கும் மீன்விழி வில்லைகளுக்கும் உரியது. இது பார்வைக்கோணத்தைக் காக்கிறது. ஆனால் நீரும் குவிமாடமும் சேர்ந்து ஒரு குழிவில்லையைப் போலச் செயற்படுவதால், கருவி காண்பது உண்மைப் பொருளையன்று, அண்மையில் உருவாகும் மாயபிம்பத்தையே. மிகத் தொலைவிலுள்ள பொருளின் பிம்பமும்கூடக் குவிமாடத்தின் மேற்பரப்பிலிருந்து அதன் ஆரத்தைப் போல் மூன்று மடங்கு தொலைவிலேயே தோன்றும். 10 சென்ட்டிமீட்டர் ஆரமுள்ள குவிமாடத்தில் இத்தொலைவு 30 சென்ட்டிமீட்டர் ஆகும். எனவே இவ்வளவு அண்மையில் குவியம் கொள்ள இயலாத வில்லை, நிலத்தில் எவ்வளவு சிறந்ததாயினும், நீருள் பயன்படாது. வில்லையின் நுழைவுக்கண் குவிமாடத்தின் மையத்தில் அமைய வேண்டும். அதற்காக நீட்டிப்பு வளையங்கள் சேர்க்கப்படுகின்றன. மூலைகள் தெளிவாக இருக்க எஃப் 8 முதல் எஃப் 16 வரையிலான துளைகள் பயன்படுத்தப்படுகின்றன.

ஒளியூட்டல்

இழந்த சிவப்பு நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவது நீரடி பிளாஷ் விளக்கே. கருவியிலேயே உள்ள பிளாஷ் வில்லைக்கு மிக அருகில் இருப்பதால் துகள்களை ஒளிரச் செய்து, பனி பெய்வது போன்ற புள்ளிகளைப் படத்தில் நிரப்பிவிடும். இது பின்சிதறல் எனப்படும். இதைத் தவிர்க்க, இரு பிளாஷ் விளக்குகள் நீண்ட கைகளில் பொருத்தப்பட்டு, இருபுறமும் சற்றே வெளிநோக்கித் திருப்பி வைக்கப்படுகின்றன.

பிளாஷின் ஒளியும் நீரில் சென்று திரும்பும்போது நிறத்தை இழப்பதால், ஒரு மீட்டரளவு தொலைவுக்குள்ளேயே அது முழுப்பயன் தரும். முன்புறப் பொருளின் ஒளியைத் துளையளவும் பிளாஷின் வலிமையும் தீர்மானிக்கின்றன. பின்புற நீலத்தின் அடர்த்தியை ஷட்டர் வேகத்தால் கட்டுப்படுத்தலாம். பிளாஷோடு இசையும் ஷட்டர் வேகத்தின் மேல்வரம்பு பெரும்பாலான கருவிகளில் நொடியில் 200 முதல் 250இல் ஒரு பங்கு ஆகும்.

கசிவைத் தடுத்தல்

காப்புறையின் இணைப்புகளை ஓ-வளையம் எனப்படும் மீள்திறன் வளையங்கள் அடைக்கின்றன. அவற்றின்மேல் கிடக்கும் ஒரு தலைமுடியோ மணற்துகளோ போதும், உப்புநீர் உட்புகுந்து கருவியையும் வில்லையையும் பழுதாக்கிவிடும். பின்வரும் நடைமுறை பரிந்துரைக்கப்படுகிறது.

1. புதிய காப்புறையையும் நெடுநாள் பயன்படுத்தாத காப்புறையையும் முதல்முறை கருவி இன்றி நீருள் கொண்டு சென்று சோதித்தல்.
2. வளையத்தைக் கழற்றி, வளையத்தையும் அதன் பள்ளத்தையும் நூலிழை உதிராத துணியால் துடைத்தல்.
3. தயாரிப்பாளர் குறிப்பிடும் மசகை மெல்லிய படலமாகப் பூசுதல். மசகு வளையத்தைப் பாதுகாக்கவே உள்ளது, நீரை அடைப்பதற்கன்று. சிலிக்கோன் மசகு சிலிக்கோன் வளையத்தை உப்பச் செய்யும்.
4. வெற்றிடச் சோதனைக் கருவி இருப்பின், உள்ளிருக்கும் காற்றின் ஒரு பகுதியை வெளியேற்றி, அழுத்தம் மாறாமல் நிற்கிறதா என்று நீரில் இறங்கும் முன்பே அறிதல்.
5. மூழ்கிய பின் நன்னீரில் ஊறவைத்து, பொத்தான்களை அழுத்தி உப்பை நீக்குதல். காப்புறையை முழுவதும் உலர்த்திய பின்னரே திறத்தல்.

மின்கலத்தையும் நினைவட்டையையும் நீருள் மாற்ற இயலாது. ஒவ்வொரு மூழ்குதலுக்கு முன்பும் இரண்டையும் சரிபார்த்தல் வேண்டும்.

பாதுகாப்பும் சூழலும்

எஸ்.எல்.ஆர். தொகுதி பருமனானது. அதனை ஏந்தும் மூழ்குநர் தம் காற்றளவையும் ஆழத்தையும் மறந்துவிடும் இடர் உண்டு. எனவே மிதப்பைக் கட்டுப்படுத்தும் பயிற்சியை நன்கு பெற்ற பின்னரே கருவியை எடுத்துச் செல்லுமாறு அறிவுறுத்தப்படுகிறது. பவளப்பாறையின்மேல் நின்றோ சாய்ந்தோ படம் எடுத்தால், பல்லாண்டுகள் வளர்ந்த பவளம் நொடியில் முறியும். உயிரினங்களைத் தொடுதலும் இடம் மாற்றுதலும் தவிர்க்கத்தக்கவை.

இன்றைய நிலை

நைக்கான் டி780, கேனான் 850டி ஆகியன 2020ஆம் ஆண்டில் வெளிவந்தன. அதன்பின் இவ்விரு நிறுவனங்களும் கண்ணாடியற்ற (மிரர்லெசு) கருவிகளின்பால் திரும்பின. காப்புறைத் தயாரிப்பாளரும் அவ்வழியே சென்றனர். ஆயினும் எஸ்.எல்.ஆர். கருவியையும் காப்புறையையும் இணையாகப் பழைய விலைக்கு வாங்குவது தொடக்கநிலையினருக்குச் சிக்கனமான வழியாக உள்ளது. அவ்வாறு வாங்குவோர் ஓ-வளையங்களும் உதிரிப்பாகங்களும் இன்னும் கிடைக்கின்றனவா, காப்புறை கடைசியாக எப்போது பழுதுபார்க்கப்பட்டது என்பவற்றை அறிந்துகொள்ள வேண்டும். உள்ளிருக்கும் கருவி பழுதானால் அதே மாதிரியையே மீண்டும் தேட நேரிடும் என்பதையும் கணக்கில் கொள்ளல் நன்று.

இவற்றையும் பார்க்க

- ஒளிமுறிவு
- ஒற்றை வில்லை எதிரொளிப்பு ஒளிப்படக்கருவி
- மேக்ரோ ஒளிப்படவியல்
- பவளப்பாறை